கோணலாய் ஏறிய நட்டு

ஷெட்டின் தகரக் கதவைத் தள்ளித் திறந்தபோது என் கண்ணில் முதலில் பட்டது கார் அல்ல, பொம்மைகள்.

சுவரை ஒட்டிய பலகைத் தட்டுகளில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றன. தவழும் கிருஷ்ணர், குடம் சுமக்கும் பெண், கைகூப்பிய சிறுமி. எல்லாம் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள். வர்ணம் ஏறாததால் ஒன்றுக்கும் கண் எழுதியிருக்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு பள்ளம் மட்டும்.

அவற்றின் நடுவில், முன்பக்க இடது மூலை தரையைத் தொட, அந்தக் கார் சாய்ந்து நின்றது. கருநீல வண்டி என்பது எனக்குத் தெரியும். அன்று அது வெள்ளையாக இருந்தது. பீங்கான் மண் வருஷக்கணக்கில் படிந்து, கண்ணாடி எது தகடு எது என்று தெரியாதபடி ஒரே மாவாக மூடியிருந்தது.

பகல் பதினொரு மணி. கூரை ஷீட்டு வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"நீங்கதான் பாய் மாட்டுனீங்க," என்றார் எனக்குப் பின்னால் நின்ற வசந்தா. "நீங்களே கழட்டுங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எழுதாமல் விட்ட வண்டி

இத்தனை வாரங்களாக எத்தனையோ வண்டிகளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதிவிட்டேன். வளைகுடாவில் மணலுக்குள் புதைந்த லாரியைப் பற்றி எழுதினேன். சேத்தியாத்தோப்பில் கல்யாண மாப்பிள்ளையோடு நடுரோட்டில் நின்றுபோன வேனைப் பற்றி எழுதினேன். இந்தக் காரை மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒத்திப்போட்டு வந்தேன்.

என் மனைவி மும்தாஜ்தான் போன வாரம் கேட்டாள். "ஊரு வண்டியெல்லாம் எழுதுறீங்க. அந்த வண்டிய எப்ப எழுதப் போறீங்க?"

வசந்தாவைப் போய்ப் பார்த்து, எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. பேர மட்டும் மாத்திடுங்க," என்றார். மாற்றியிருக்கிறேன்.

வசந்தாவின் கணவர் சேகர். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு பொம்மை யூனிட் வைத்திருந்தார். பேட்டைக்கு வெளியே ரோட்டோரம் என் கார் பட்டறை. தினமும் காலையில் என் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே "பாய், டீ ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிற மனிதர்.

வெள்ளிக்கிழமை மதியம்

அவர் என்னிடம் கடைசியாகக் காரை விட்டது ஒரு வெள்ளிக்கிழமை. பிரேக் பார்க்க வேண்டும் என்றார். நாலு சக்கரத்தையும் கழற்றினேன். எந்தச் சக்கரம் எந்த இடத்துக்கு என்று குழம்பாமலிருக்க, கழற்றும்போதே டயரின் உள்பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸால் எழுதிவைப்பது என் பழக்கம்.

வேலை முடிந்து மூன்று சக்கரங்களை மாட்டி முடுக்கிவிட்டேன். நாலாவது, முன் இடது. நாலு நட்டையும் விரலால் சுற்றி நிறுத்தியபோது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். எழுந்து கை கழுவிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனேன்.

திரும்பி வந்தபின் அந்த நாலு நட்டையும் ஸ்பானர் போட்டு முடுக்கினேனா?

முடுக்கியிருப்பேன். முப்பது வருஷத்துக் கை அது. ஆனால் முடுக்கிய ஞாபகம் இல்லை. திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது, சேகர் சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் அந்த இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சேகர் திட்டக்குடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது முன் இடது சக்கரம் கழன்று ஓடிவிட்டது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் பாலத்துச் சுவரில் மோதியது. கதவு திறந்து வெளியே விழுந்த சேகர் அங்கேயே முடிந்துபோனார்.

கழன்ற சக்கரம் கரும்புக்கொல்லைக்குள் ஓடியதாகச் சொன்னார்கள். அதை யாரும் கண்டெடுக்கவில்லை.

அடக்கத்தன்று நான் போய் நின்றேன். சேகரின் அண்ணன் மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். "வெள்ளிக்கிழம இவன் மாட்டுன சக்கரம்டா! இவன் கையாலதான் என் தம்பி செத்தான்!" என்று கத்தினார். யார் யாரோ பிடித்து இழுத்துவிட்டார்கள். வசந்தா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்தது. என்னை யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தூக்கத்தில் சுற்றும் கை

அதன்பிறகு ஏழு வருஷம் நான் வேலை செய்தேன். ஒவ்வொரு நட்டையும் மூன்று முறை முடுக்கினேன். வண்டி வாசலைத் தாண்டியதும் கையைத் தட்டி நிறுத்தச் சொல்லி ஓடிப்போய் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பேன். சிலர் சிரிப்பார்கள். காரணம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போவார்கள்.

தூக்கத்தில் என் வலது கை தானாகச் சுற்றும் என்று மும்தாஜ் சொல்வாள். ஸ்பானரைப் பிடித்தது போல விரல்கள் மூடியிருக்குமாம். மணிக்கட்டு மெல்ல மெல்ல வலப்பக்கம் திரும்புமாம். முடுக்குகிற பக்கம்.

ஒருநாள் காலையில் வசந்தா பட்டறைக்கு வந்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"பாய், அந்த வண்டி எங்க ஷெட்டுலதான் நிக்கிது," என்றார்.

"தெரியும்மா."

"டிக்கி தொறக்கல. பாலத்துல மோதி நசுங்குனதுல பூட்டு மாட்டிக்கிச்சு. போலீசும் அப்படியே குடுத்தாங்க, நாங்களும் அப்படியே நிறுத்திட்டோம். அதுக்குள்ளேருந்து சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"இரும்பை இரும்பால தட்டுற மாதிரி. டக்கு. அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு டக்கு. நான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போயி பின் சீட்டுல உக்காந்து கேக்குறேன்."

எலியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

"தொறந்து பாக்கணும். சக்கரமும் ஒண்ணொண்ணா கழட்டிப் பாக்கணும். என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். வெல்டிங்கு போட்டு அறுக்கக் கூடாது. நெருப்பே வாணாம்."

வீட்டில் சொன்னேன். போக வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். மும்தாஜ் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "போயிட்டு வாங்க. இல்லன்னா அந்தக் கை சாவுற வரைக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்," என்றாள்.

மூன்று சக்கரங்கள்

துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதற்குப் பலம் தேவையில்லை. பொறுமைதான் வேண்டும். முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையை, அதாவது நட்டு ஏறும் சுருள் வரியை, துடைக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருக்க வேண்டும். நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்ட வேண்டும். அப்புறம் கழற்றுகிற பக்கம் திருப்பாமல், முடுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். பிடி விட்டதும் எதிர்ப்பக்கம்.

வசந்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பீங்கான் கோப்பை. நான் கழற்றும் ஒவ்வொரு நட்டையும் கேட்டு வாங்கி அதில் போட்டுக்கொண்டார். விசிறிக்கொள்ளவில்லை, போனைப் பார்க்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் கண்ணில்லாத பொம்மைகள். கொஞ்ச நேரத்தில் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் போயிற்று.

முதல் நட்டு இளகியபோது கத்தியது. துரு விடுபடும்போது வரும் சத்தம்தான். வளைகுடாவில் ஒருமுறை நாலு பேர் தொங்கிக் கழற்றிய போல்ட்டு பூனை மாதிரி கத்தியது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இங்கே சிரிக்க முடியவில்லை. ஒரு மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்குவது போல இருந்தது. வசந்தாவின் கை கோப்பையை இறுக்கிப் பிடித்தது.

மாலைக்குள் மூன்று சக்கரங்களின் பன்னிரண்டு நட்டும் கோப்பைக்குள் போய்விட்டன. எல்லாமே நன்றாக முடுக்கப்பட்டிருந்தன.

"மூணும் சரியா மாட்டியிருக்கீங்க," என்றார்.

"ஆமாம்மா."

நாலாவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கருவிகளைப் பையில் எடுத்துப் போடும்போதுதான் அது கேட்டது. காரின் பின்பக்கத்திலிருந்து. டக்.

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வெயில் இறங்கும்போது தகடு சுருங்கும், அப்போது சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். சொல்லிவிட்டு, மீதிக் கருவிகளை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவர் கேட்ட கேள்வி

இரண்டாம் நாள் முன் இடது பக்கம்.

சக்கரத்தைத் தாங்கும் குடத்தில் நாலு ஸ்டட்டுகள் இருக்கும். அதாவது தலை உள்பக்கம் இருக்க, மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாலு போல்ட்டுகள். அதில்தான் நட்டு ஏறும். சக்கரம் கழன்ற இடம் என்பதால் எல்லாம் மண்ணும் துருவும் கலந்து ஒரே கட்டியாக இறுகியிருந்தது. உளியால் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வசந்தா கேட்டார்.

"பாய், நட்டு கோணலா ஏறுமா?"

"எப்படி?"

"நேரா ஏறாம, சாஞ்ச மாதிரி."

"ஏறும்மா. அவசரத்துல போட்டா முதல் மரையில உக்காராம அடுத்த மரையைக் கடிச்சுக்கிட்டு ஏறும். கொஞ்சம் சுத்தும், அப்பறம் நின்னுடும். இறுகிடுச்சுன்னு நெனச்சு விட்டுருவாங்க."

"அப்படி ஏறுனா?"

"ஓட ஓட விட்டுரும். அந்த நட்டு போனா மத்த மூணும் தாங்காது."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் ஏன் கேட்டார் என்று யோசிக்கவில்லை. மெக்கானிக் வேலையை உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஏதாவது கேட்பார்கள்.

மதியத்துக்குச் சற்றுமுன் கட்டி உடைந்து விழுந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்தேன். மூன்று ஸ்டட்டுகள் அடியோடு ஒடிந்திருந்தன. நாலாவது முழுதாக நின்றது. அதன் மரை நுனியிலிருந்து பாதிவரை கிழிந்திருந்தது. ஒரு மரையின் மேல் இன்னொரு மரை, சாய்வாக, கத்தியால் கீறியது போல.

கோணலாக ஏறிய நட்டு.

துணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினேன். வசந்தா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து இது தெரிய வழியே இல்லை. இதற்குமுன் பார்த்திருக்கவும் முடியாது; துருக்கட்டியை உடைத்தவன் நான்தான்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விரலை நீட்டி அந்தச் சாய்ந்த மரையைத் தொட்டார்.

"நாளைக்கு டிக்கியத் தொறங்க," என்றார்.

அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. ஏழு வருஷமாக, முடுக்க மறந்துவிட்டேனோ என்று மட்டும்தான் பயந்திருந்தேன். இப்போது அதைவிட மோசமாக ஒன்று வந்துவிட்டது. பாங்கு சொல்லும்போது எழுந்துபோகிற அவசரத்தில், விரலால் நட்டைக் கோணலாக ஏற்றியது நானேதானா?

இளகுவது போல

நசுங்கிய டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியவில்லை. பின் சீட்டின் சாய்மானத்தைக் கழற்றிவிட்டு உள்பக்கமாகப் போவதுதான் வழி. அதைப் பிடித்திருந்தவை நாலு போல்ட்டுகள்.

கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். வண்டி முழுக்க வெள்ளைப் பொடி. பின் சீட்டில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் துணி பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் உட்காரும் இடம். அதன்மேல் முழங்காலை ஊன்ற எனக்கு மனம் வரவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி மடங்கி உட்கார்ந்தேன்.

மூன்று போல்ட்டுகள் வந்துவிட்டன. நாலாவதைத் திருப்பும்போது கைக்கு இதமாக, வெண்ணெயில் திருகுவது போல இளகியது.

இந்த வேலையில் நான் பயப்படுவது அந்த இதத்துக்குத்தான். மரை விடும்போது முரட்டுத்தனமாக விடும். இதமாக இளகினால் போல்ட்டு கழலவில்லை, முறுகுகிறது என்று அர்த்தம். நிறுத்துவதற்குள் தலை ஒடிந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

உள்ளே மாட்டிக்கொண்ட மீதியை எடுக்க வேண்டும். அதன் நடுவில் புள்ளி வைத்து, பாட்டரி டிரில்லால் மெதுவாகத் துளை போட்டேன். அந்தத் துளையில் ஈஸி அவுட்டை இறக்கினேன். அது எதிர்ப்பக்க மரை போட்ட கூம்பு மாதிரியான ஆணி. கழற்றும் பக்கம் திருப்பத் திருப்ப அது துளையில் இன்னும் இறுகி, ஒடிந்த துண்டையும் தன்னோடு சுற்றிக்கொண்டு வெளியே வரும். வந்தால் நல்லது. அந்த ஆணியே உள்ளே ஒடிந்தால் அதை எந்த டிரில்லாலும் துளைக்க முடியாது.

கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. என் முகத்துக்கும் டிக்கிக்கும் நடுவில் ஒரு மெல்லிய அட்டைதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல ஒரு எண்ணம். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உதடு தானாக ஓத ஆரம்பித்திருந்தது.

துண்டு வெளியே வந்தது. சாய்மானத்தை இழுத்துக் கீழே போட்டேன்.

டிக்கி

ஏழு வருஷத்துக் காற்று முகத்தில் அடித்தது. ரப்பர் வாசனை, கிரீஸ் வாசனை, கொஞ்சம் சந்தன ஊதுவத்தி வாசனை. டார்ச்சை அடித்தேன்.

ஒரு ஜாக்கி. ஒரு சக்கர ஸ்பானர். ஒரு சக்கரம்.

ஸ்டெப்னியாக, அதாவது மாற்றுச் சக்கரமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அது படுத்திருந்த விதத்தைப் பார்த்தேன். ஸ்டெப்னிக்கான குழியில் அது இல்லை. குழி காலியாக இருந்தது. இது மேலே, அவசரமாகத் தூக்கிப் போட்டது போல, சாய்ந்து கிடந்தது. டயரில் காற்றே இல்லை. நடுவில் ஒரு ஆணியின் தலை மின்னியது.

கையை விட்டு இழுத்துத் திருப்பினேன். உள்பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸ். 'மு.இ.' முன் இடது. என் கையெழுத்து. என் 'மு' எப்போதும் படுத்துக்கொண்டிருக்கும். மளிகைச் சீட்டைப் பார்த்து மும்தாஜ் கேலி செய்கிற அதே 'மு'.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் மாட்டிய சக்கரம் கழன்று ஓடவே இல்லை. அது வழியில் பஞ்சராகியிருக்கிறது. சேகர் அதைத் தானே கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறார். கரும்புக்கொல்லைக்குள் ஓடியது ஸ்டெப்னி. கோணலாக ஏறிய நட்டு அவர் கை ஏற்றியது.

காருக்குள்ளேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுவதற்கு எனக்கு வெட்கமாக இல்லை.

வெளியே வந்து சக்கரத்தை வசந்தாவின் முன்னால் வைத்தேன். ஆணியைக் காட்டினேன், எழுத்தைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்ப அது நெசந்தான்," என்றார்.

ஆறேகால்

"அவரு போன் பண்ணாரு பாய்."

"எப்ப?"

"அன்னைக்குத்தான். சாமிகிட்ட வெளக்கு ஏத்திட்டு நிமிந்தேன், போன் அடிச்சுது. 'பஞ்சராயிடுச்சு, ஸ்டெப்னி மாட்டிட்டேன். ஒரு நட்டு மட்டும் கோணலா ஏறி நிக்கிது, கழட்டித் திருப்பிப் போடட்டுமா'ன்னாரு. பின்னால இரும்புல தட்டுற மாதிரி டக்கு டக்குன்னு சத்தம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வூட்டுக்கு வந்து பாத்துக்கலாம், கெளம்பி வாங்கன்னேன்."

அவர் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார்.

"போனை வெச்சிட்டு கடியாரத்தப் பாத்தேன். ஆறேகால். கொஞ்ச நேரத்துல மணி மாமா வந்து அழுதாரு. தம்பி போயிட்டான்னாரு. அஞ்சரைக்கே ஆஸ்பத்திரியில மொகத்தப் பாத்துட்டேன்னாரு."

நான் சக்கரத்தை உருட்டிச் சுவரோரம் சாய்த்துவைத்தேன்.

"நான் யாருகிட்டயும் சொல்லல. போனை எடுத்துப் பாத்தேன், அவரு கூப்ட்டதே அதுல இல்ல. எனக்குத்தான் புத்தி பெசகிப்போச்சுன்னு நெனச்சேன். உங்கள எல்லாரும் பேசுனப்பவும் வாயத் தொறக்கல. என்னன்னு சொல்லுவேன்? செத்தவரு போன் பண்ணாருன்னா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏழு வருஷம். வரவில்லை. நான் கேட்டது வேறு.

"கடிகாரம் முன்னப்பின்ன ஓடுமாம்மா?"

கேட்ட அடுத்த நொடியே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துபோயிற்று. அவர் கண் அப்படி மாறியது. அவர் இந்தக் கேள்வியை ஏழு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

போன் வந்தது ஆறேகாலுக்கு என்றால், பேசியது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் 'கெளம்பி வாங்க' என்ற சொல் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. போன் வந்தது நாலரைக்கோ நாலே முக்காலுக்கோ என்றால், ரோட்டோரத்தில் உயிரோடு நின்று, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, கழற்றிப் போடட்டுமா என்று கேட்டவரை அவர்தான் கிளம்பச் சொல்லியிருக்கிறார்.

துக்கத்தில் நேரம் குழம்பும். விளக்கு ஏற்றியது முந்தின நாளாக இருக்கலாம். அழுதுகொண்டே போனைத் தடவியதில் அழைப்புப் பட்டியல் அழிந்திருக்கலாம். இவையெல்லாம் எனக்கும் தோன்றும், உங்களுக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றாமலா இருக்கும்?

"ஆறேகாலுதான் பாய்," என்றார் அவர், மிகவும் மெதுவாக. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

நான் ஏழு வருஷமாக ஒரு ஞாபகத்தைத் தேடிக் கிடைக்காமல் அலைந்தவன். அவரிடம் ஒன்று இருந்தது. அதைத் தட்டிப் பார்க்க நான் யார்?

"வெளக்கு ஏத்துன நேரம்னா ஆறேகாலாத்தாம்மா இருக்கும்," என்றேன். "அது அவரேதான். உங்ககிட்ட சொல்லிட்டுப் போவ வந்திருக்காரு."

அப்போதுதான் அவர் அழுதார்.

பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாத நான் இப்படிச் சொன்னேன் என்று சிலர் கடிதம் எழுதக்கூடும். எழுதுங்கள். அன்று நான் சொன்னது பொய்யா என்று எனக்கே இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகு

மறுநாள் மணி வந்தார். தலை நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். வசந்தா போன் விஷயத்தைச் சொல்லவில்லை. சக்கரத்தை மட்டும் காட்டினார். அவர் குந்தி உட்கார்ந்து ஆணியைத் தடவிப் பார்த்தார். எழுந்து என் எதிரில் வந்து நின்றார். கையை நீட்டி, மடங்கிக் கிடந்த என் காலரை நேராக எடுத்துவிட்டார். அப்புறம் வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார்.

காரை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். "ஓடுற மாதிரி ஆக்கிக் குடுங்க," என்றார் வசந்தா. டிரைவிங் கற்றுக்கொள்ளப் போயிருப்பதாகவும் சொன்னார்.

ஒடிந்த ஸ்டட்டுகளைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்துவிட்டு, நாலும் புதிதாகப் போட்டேன். டிக்கியை நிமிர்த்தினேன். கழுவியபோது வெள்ளைத் தண்ணீர் பட்டறை வாசலெல்லாம் ஓடி, உள்ளிருந்து கருநீலம் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

சாவியைக் கொடுக்கும்போது கேட்டேன். "இப்ப சத்தம் ஏதாவது கேக்குதாம்மா?"

"இல்ல பாய்." சாவியை விரலில் மாட்டிக்கொண்டார். "கேக்கலையேன்னுதான் இருக்குது."

கேட்

அவர் வீடு கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம். முதல் நாள் தனியாக ஓட்டுகிறார். நான் என் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை. முன் இடது சக்கரம் ஒரு பக்கமாக ஆடுகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் எதிரே வந்தவர்கள் என்னைத் திட்டினார்கள்.

ஊரைத் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. நான் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். குந்தி உட்கார்ந்து நாலு நட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். லேசான சூடு. அசைவில்லை.

கண்ணாடி இறங்கியது.

"பாய், எங்க வூடு வரைக்கும் இப்படியேவா வருவீங்க?"

"ஒரு தடவ பாத்துட்டேன்னா..."

"பாத்தாச்சுல்ல?"

"பாத்தாச்சும்மா. நல்லா இருக்குது."

சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, பூமி அதிர, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பெட்டி போனதும் அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார்.

"இதுக்கு மேல நான் போயிக்கிறேன்," என்றார்.

கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஆரன் அடித்தார். வசந்தா கியரைப் போட்டு, தண்டவாளத்தின் மேல் மெல்ல ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டு போனார். நான் பைக்கை ஓரமாகத் தள்ளி லாரிக்கு வழி விட்டேன்.